மூன்றாம் மாடியில் ஒரு துண்டுப் புல்

பளிச்சக்காவுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் பளிச்சக்கா என்றால்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் அந்தக் கட்டடத்தின் தரையைத் துடைத்தவள், கடைசி எட்டு வருஷமாகத் துடைப்பவர்களை மேய்த்தவள். அவள் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இரண்டு மாடி மேலே யாரோ வாந்தி எடுத்தால் கீழே படிக்கட்டில் நிற்கும்போதே, "ஏய், பன்னெண்டாம் கட்டிலுக்கு ஒருத்தி போங்கடி" என்பாள். பொய்யில்லை. கட்டில் நம்பர் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அவளிடம் ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். பெயர் மேஸ்திரி.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது வேண்டியிருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குட்டியாக ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வந்து சேர்ந்தது. பளிச்சக்கா அப்போதுதான் துடைத்து முடித்த வராந்தாவில் நாலு சேற்றுக் கால் தடம் வைத்தது. அவள் அடிக்கவில்லை. நாயை அடித்துப் பழக்குகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சே வேண்டாம். மாப்புக் கட்டையைத் தரையில் ஒரு தட்டு தட்டி, "ஈரம்!" என்றாள். மறுநாளும் அதே தட்டு, அதே "ஈரம்!". ஒரே மாதத்தில் குட்டிக்குப் புரிந்துபோயிற்று. அவள் ஊற்றும் எலுமிச்சை வாசனைப் பினாயில் எங்கே மணக்கிறதோ அந்த விளிம்பில் வந்து நிற்கும். வலது முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொள்ளும். வாசனை போகும்வரை தாண்டாது, சுவரோரம் காய்ந்திருந்தால் மட்டும் உடம்பை ஒட்டிக்கொண்டு போகும். தான் தாண்டாததோடு விட்டதா? பூப்போல நடந்து வரும் டாக்டராக இருந்தாலும் சரி, ஈரத்தில் கால் வைத்தால் குரைக்கும். வேலை செய்யாமல் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிறவர்களை அதட்டினால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நாலு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். இனி வளாகத்தில் நாய் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள். அன்று வேலை முடிந்ததும் பளிச்சக்கா மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, துணி காயப்போட ஒரு பால்கனி. பஸ் டிரைவரான அவள் கணவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னொரு பாசஞ்சரா?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவள் முட்டி இரண்டும் மக்கர் பண்ணும்வரை.

"அக்கா, தரையைத் தேச்சுத் தேச்சு உங்க முட்டியைத் தேச்சிட்டீங்க" என்றார் எலும்பு டாக்டர். "வலது முட்டிய மாத்தியே ஆகணும். மூணு வாரம் கழிச்சு திங்கக்கெழமை. அப்புறம் ஆறு வாரம் படி ஏறி எறங்கக் கூடாது."

"என் நாயை யாரு தம்பி கீழ கூட்டிட்டுப் போவா?"

டாக்டர் அவளை இத்தனை வருஷமாகத் தெரிந்தவர் என்பதால் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். மேஸ்திரிக்குப் போன வருஷம் சிறுநீர்ப்பையில் கல் வந்து போனது. அடக்கவே விடக்கூடாது, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை போயாக வேண்டும் என்று கால்நடை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கணவர் விடிவதற்கு முன் டிப்போவுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நடுவில் பதிமூன்று மணி நேரம், இதுவரை பளிச்சக்காதான் வேலைக்கு நடுவே வீட்டுக்கு ஓடி வந்து கீழே கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனிலேயே முடிவு கட்டிவிட்டாள். "என் பிரெண்டு வீட்ல பெரிய தோட்டம் இருக்கும்மா. அங்க விட்டுடலாம்."

"ஆறு வாரம்தானே?"

"ஆறு வாரம் கழிச்சு எடது முட்டி. அதுக்கப்புறம் மறுபடி ஆறு வாரம். சும்மா அங்கயும் இங்கயும் தூக்கிட்டு அலைஞ்சா அதுக்கும் பாவம், அவங்களுக்கும் கஷ்டம். ஒரேயடியா அங்கயே இருக்கட்டும்."

ஒரேயடியாக. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பளிச்சக்கா குனிந்து பார்த்தாள். மேஸ்திரி அப்போது அவள் காலடியில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

வார்டு நர்ஸ் ஒருத்திதான் வழி சொன்னாள். உயரமான கட்டடங்களில் குடியிருப்பவர்கள் பால்கனியில் செயற்கைப் புல் போட்டு நாயை அதிலேயே ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போகப் பழக்குகிறார்களாம். போனில் படமும் காட்டினாள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் கயிற்றைப் பிடித்து அங்கே கூட்டிப் போக வேண்டும். ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். போய் முடித்தால் அந்த நொடியே ஒரு பிஸ்கட் துண்டு. போகாவிட்டால் திட்டக்கூடாது, கூட்டி வந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி.

"இவ்ளோதானா? ஈரத்துல கால் வைக்காதேன்னு ஒரு மாசத்துல பழக்கினவடி நான்" என்றாள் பளிச்சக்கா. மகளுக்குப் போன் போட்டாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி சனிக்கெழமை வா. உன் கண்ணு முன்னாடி அவன் பால்கனியில போனா இங்க இருப்பான். இல்லேன்னா நீயே கூட்டிட்டுப் போ. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"நீ? ஒரு வார்த்தை பேசமாட்டே?"

"சரி, ரெண்டு வார்த்தை."

கால்பந்து மைதானங்களுக்குப் புல் விரிக்கிறவர் ஒருவர் கடை வைத்திருந்தார். மீந்த துண்டுகளை வெட்டி விற்பார். தண்ணீர் இறங்க ஓட்டை உள்ள புல், அடியில் வைக்க ஒரு தட்டு என்று எல்லாம் எடுத்துப் போட்டவர், மூலையிலிருந்து ஒரு பழைய துண்டையும் இழுத்தார். ஏதோ மைதானத்திலிருந்து பிடுங்கியது. "இது பாதி வெலைதான்மா."

பளிச்சக்காவின் மூக்கு சுருங்கியது. "அந்த அழுக்கை என் வீட்டுப் படி ஏத்தச் சொல்றீங்களா? புதுசுல குடுங்கய்யா."

பால்கனியில் புதுப் புல் வந்து உட்கார்ந்தது, பச்சைப் பசேலென்று. சொல்ல வேண்டிய வார்த்தையைக் கணவர் தேர்ந்தெடுத்தார். "ஸ்டாப்பிங் வந்தாச்சு." இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு வேறு எது வாயில் வரும்?

முட்டிக்காக முன்கூட்டியே லீவு போட்டிருந்த பளிச்சக்கா தன் பங்குக்கு ஒன்று செய்தாள். மேஸ்திரியைக் கூட்டி வருவதற்கு முன் ஒரு முறை புல்லைக் கழுவினாள், எலுமிச்சைப் பினாயில் ஊற்றி, பிரஷ் போட்டு. அது போகாமல் திரும்பிய பிறகு இன்னொரு முறை. ஒரு நாளைக்கு ஆறு கழுவல். சுத்தமான இடத்தில்தான் யாருக்கும் போக மனசு வரும் என்பது அவள் கட்சி.

மேஸ்திரி வரும். புல்லுக்கு ஒரு அடி முன்னால் நிற்கும். வலது காலை மடக்கித் தூக்கும். அவளைப் பார்க்கும், புல்லைப் பார்க்கும். பிறகு, தெரியாமல் அடுத்தவர் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"ஸ்டாப்பிங் வந்தாச்சுடா."

ஒன்றும் நடக்காது. ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் அடக்கும். வயிறு விம்மி, கூடத்துக்கும் கதவுக்கும் நடக்க ஆரம்பிக்கும். கல் வந்தபோது அது போட்ட முனகல் அவள் காதில் ஒலிக்கும். அதற்கு மேல் அவளால் முடியாது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக, "அம்மாடி, அப்பாடி" என்று மூன்று மாடியும் இறங்குவாள். தெருவில் மூன்றாவது விளக்குக் கம்பம் வந்ததும் மேஸ்திரி ஒரு வாளி அளவுக்கு ஊற்றும். ஊற்றிவிட்டு, இவ்வளவு தாமதம் ஏன் என்பதுபோல அவளைப் பார்க்கும்.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. வார விடுமுறையன்று நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கணவர் மெதுவாக வாயைத் திறந்தார்.

"நீ ஒரு நாள் கழுவாம விட்டுப் பாரேன்."

"எதுக்கு?"

"இல்ல... நாய்ங்க மோந்து பாத்துத்தானே போகும். நீ கழுவுற கழுவுல பச்சைக் கலரே போயிடும்போல இருக்கு."

"முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியைத் தொடச்சவளுக்கு நீங்க சொல்லித் தர்றீங்க. உங்க பஸ்ஸை நான் வந்து ஓட்டினேனா?"

"ஓட்டல."

"அப்போ சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். அந்த வீட்டில் அது அவருக்கு நன்றாகப் பழகிய வேலை.

புதன்கிழமை வந்தது. இன்னும் மூன்று நாள். மகள் வருகிறாள் என்று சாயங்காலம் எலுமிச்சைப் பினாயில் ஊற்றிக் கூடத்தைத் துடைத்தாள் பளிச்சக்கா. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் முட்டியோடு தரை துடைக்காதே என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தாயிற்று, அதைக் கேட்கிற ஆளா அவள்? படுக்கையறையில் தூங்கிய மேஸ்திரி எழுந்து வந்தது. தண்ணீர்க் கிண்ணம் கூடத்தின் அந்தப் பக்கம் இருந்தது. ஈரத்தின் விளிம்பில் நின்றது. வலது காலை மடக்கித் தூக்கியது. அவளைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பளிச்சக்காவின் கையில் மாப்பு அப்படியே நின்றது.

அதே நேரம் பார்த்துக் கணவர் வேலை முடிந்து வந்தார். கதவைத் திறந்து ஈரத்தில் ஒரு கால் வைத்தார். "வவ்!" என்றது மேஸ்திரி, வேலைக்காரனை அதட்டுகிற அதே குரலில்.

"அடப் பாவி!" என்று கத்தினாள் பளிச்சக்கா.

"செருப்பைக் கழட்டிட்டேனே!" என்றார் கணவர், கால் தூக்கியபடியே.

"உங்களைச் சொல்லல. என்னைச் சொன்னேன். அவன் மக்கு இல்லீங்க. நான் கத்துக் குடுத்ததை ஒம்பது வருஷமா மறக்காம நிக்கிறான். ஒரு கையால வாடா வாடான்னு கூப்பிட்டு, இன்னொரு கையால கால் வைக்காதேன்னு ஊத்தி வெச்சிருக்கேன்!"

சொல்லிக்கொண்டே அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் எழ முடியாது என்பது ஞாபகம் வந்தது. கணவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கும்போது சொன்னார்: "நான்கூடச் சொன்னேன், கழுவாதேன்னு."

"நீங்க சொன்னது வேற. நீங்க சோம்பேறித்தனத்துல சொன்னீங்க."

வியாழக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்துப் புல் கடைக்குப் போனாள். பினாயிலில் ஊறிய அந்தப் புதுப் புல்லை இனி யாராலும் மீட்க முடியாது. அவள் வேலை அவ்வளவு சுத்தம்.

"உங்ககிட்ட இருக்கறதிலேயே அழுக்கான துண்டு குடுங்க."

கடைக்காரர் காதைத் தடவிக்கொண்டார். "அன்னிக்கு..."

"அன்னிக்குச் சொன்னது அன்னிக்கு. எடுங்கய்யா."

மூலையிலிருந்து பழைய துண்டை இழுத்துப் போட்டார். "இது கோல் போஸ்ட் பக்கத்துல இருந்ததும்மா. கிரவுண்டு வாட்ச்மேனோட நாய் மூணும் இங்கதான் வந்து வந்து போகும். அதான் யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

பளிச்சக்கா குனிந்தாள். கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தாள். "மூணு இல்ல, நாலு" என்றாள். "கட்டிக் குடுங்க."

பால்கனியை வெறும் தண்ணீர் விட்டுப் பத்து வாளி அலசினாள். பெரிய பினாயில் கேனைக் கணவர் கையில் கொடுத்து, "டிப்போவுல கொண்டுபோய் வைங்க. நான் கேட்டாலும் எங்க இருக்குன்னு சொல்லாதீங்க" என்றாள். அவர் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனார்.

பழைய புல்லை விரித்ததும் மேஸ்திரி நடந்து வந்தது. நின்றது. கால் தூக்கவில்லை. ஏறியது! மூக்கைப் புதைத்துக்கொண்டு கால் மணி நேரம், செய்தித்தாளில் விளம்பரம்கூட விடாமல் படிப்பவர்களைப்போல ஒரு அங்குலம் விடாமல் மோந்தது. அன்று அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடிந்து தூங்கி எழுந்ததும் கயிற்றைப் பிடித்துக் கூட்டி வந்தாள். "ஸ்டாப்பிங் வந்தாச்சு." ஒரு சுற்று சுற்றியது. இரண்டாம் சுற்று. பின்னங்கால் மெல்ல எழும்பியது. பளிச்சக்கா மூச்சே விடவில்லை. முடித்ததும் பிஸ்கட் துண்டை வாயில் கொடுத்துவிட்டு அழுதாள், சிரித்தாள், அதன் மடங்கிய காதைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

ஆனால் கஷ்டம் அதற்கப்புறம்தான். புல் அங்கே நனைந்து கிடக்கிறது. கழுவக்கூடாது. உள்ளே போனாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். உள்ளங்கை அரித்தது. தாங்க முடியாமல் வார்டு நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"ஏதாவது பேசுடி."

"என்னக்கா பேசறது? வேலையில இருக்கேன்."

"எதையாவது பேசு. எனக்குக் கையை எங்க வைக்கறதுன்னு தெரியல."

"சும்மா விட்டுடச் சொல்லலக்கா. வெறும் தண்ணி ஊத்தி அலசுங்க, தெனம் ஒரு தடவ. அடித் தட்டைக் கொட்டுங்க. வாசனை துளியூண்டு இருந்தாப் போதும், எடம் எதுன்னு அதுக்குத் தெரியணும்."

வெறும் தண்ணீர்! குதிரைக்குக் கொள்ளுக்குப் பதில் வைக்கோல் காட்டியதுபோல இருந்தது அவளுக்கு. ஆனாலும் சாயங்காலம்வரை தாக்குப்பிடித்தாள். மேஸ்திரி அன்றைக்கு மூன்று முறை போனது.

சனிக்கிழமை காலை. மகள் பத்து மணிக்கு வருவாள். பளிச்சக்கா ஆறு மணிக்கு எழுந்தாள். பால்கனிக் கதவைத் திறந்தாள். மூக்கில் அது பட்டது. மகள் வரும் நேரத்தில், தன் வீட்டில், தன் பால்கனியில் அப்படி ஒரு வாடை.

எப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. பீரோவில் புடவைக்கு அடியில் அவசரத்துக்கு என்று ஒரு சின்ன பாட்டில் எலுமிச்சைப் பினாயில் ஒளித்து வைத்திருந்தாள். அது எப்படியோ கைக்கு வந்துவிட்டது. பாதிப் புல்லைப் பளிச்சென்று தேய்த்த பிறகுதான் நினைவு வந்தது. பிரஷைக் கீழே போட்டாள். தண்ணீர் ஊற்றி ஊற்றி அலசினாள். போகுமா அது? அவள் வாங்கும் பினாயில் லேசில் போகிற சரக்கா?

பத்து மணிக்கு மகள் வந்தாள். கையில் புதுக் கயிறு. கார் பின்சீட்டில் பழைய போர்வை விரித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். மேஸ்திரி வாலை ஆட்டிக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுப் போகவில்லை.

"காட்டும்மா."

"ஸ்டாப்பிங் வந்தாச்சு" என்றாள் பளிச்சக்கா.

மேஸ்திரி பால்கனிக்கு வந்தது. புல்லுக்கு முன்னால் நின்றது. வலது முன்னங்கால் மேலே போனது.

மகள் பெருமூச்சு விட்டாள். "அம்மா, நீ எவ்வளவோ பாத்துட்டே. அது என்ன பண்ணும் பாவம்..."

"அவன் மேல தப்பில்ல" என்றாள் பளிச்சக்கா. "நான்தான். காலையில என் கை சும்மா இருக்கல. பாதியைக் கழுவிட்டேன். அவனுக்குத் தெரியும்டி, நேத்து மூணு தடவ போனான். நான்தான் கெடுத்தேன். கூட்டிட்டுப் போறதுன்னா..." இரண்டு வார்த்தைக்கு மேலேயே பேசியாயிற்று.

மேஸ்திரி தூக்கிய காலைக் கீழே வைத்தது. புல்லில் வைக்கவில்லை. சுவர் ஓரமாக, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரம் படாமல் போகுமே, அதே மாதிரி உடம்பை ஒட்டி ஒட்டி நடந்தது. பூந்தொட்டியைத் தாண்டிப் பின்பக்கம் போனது. அங்கே பிரஷ் படாத பாதி இருந்தது. மோந்தது. ஏறியது. கால் தூக்கியது, இந்த முறை பின்னங்காலை.

அது ரொம்ப நேரம் ஓடியது. கணவர் அன்று லீவு போட்டிருந்தார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார், "டபுள் டேங்க்" என்று.

மகள் சிரிக்க ஆரம்பித்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "பாட்டிலைக் குடும்மா."

"எந்த பாட்டில்?"

"அம்மா!"

பீரோவைத் திறந்து கொடுத்தாள். நாயோடு போக வந்த மகள் பாட்டிலோடு போனாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. பளிச்சக்கா தன் ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகப் படுத்து, கட்டிலுக்கடியில் மூலை விட்டுப்போகிறது என்று துடைக்க வந்தவர்களை வாட்டி எடுத்தாள். தானும் மூட்டுவலிக்காரியான பக்கத்து வீட்டம்மா பகலில் இரண்டு முறை வந்து பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள். அவள் சொன்ன நேரத்தையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு கணவர் தினமும் போனில் ஒப்பித்தார்: "நான் கெளம்பறப்போ அஞ்சு இருவதுக்கு ஒண்ணு. பத்து அஞ்சுக்கு ஒண்ணு. மூணு மணிக்கு ரெண்டும் சேந்து. எல்லாம் கரெக்ட் டைம்."

நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் மாடி ஏற்ற, வீடு திரும்பிய பிறகு அவள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். புல்லைத் தினமும் வெறும் தண்ணீரில் அலசுவாள், பின்பக்க மூலையில் ஒரு முழம் மட்டும் லேசாக விட்டுவிட்டு. அந்தப் பக்கம் போகும்போது அவள் கை இப்போதும் கொஞ்சம் துடிக்கும். பிடித்துக்கொள்வாள்.

முட்டியைப் பார்க்க வந்த எலும்பு டாக்டர் கூடத்தில் உட்கார்ந்தவர், மூக்கை லேசாகச் சுருக்கினார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பால்கனிப் பக்கம் ஏதோ வாடை வருதே?"

இரண்டு மாடி தாண்டிக் கட்டில் நம்பர் சொன்ன பளிச்சக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தாள். காலடியில் மேஸ்திரி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"எங்க தம்பி?" என்றாள். "எனக்கு ஒண்ணும் வரலையே."